பூட்டிய அறைக்குள் யார்? பழைய கோதிக் திகில் படங்களுக்கு ஓர் எளிய அறிமுகம்

பேய்ப்படம் என்றாலே திடீரென ஒரு முகம் திரையில் பாய்ந்து வர வேண்டும், ஸ்பீக்கர் அலற வேண்டும் என்று பழகிப்போன ஒருவரை உட்கார வைத்து, 1940களிலோ 1960களிலோ வந்த கோதிக் திகில் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினால், அரை மணி நேரத்துக்குள் "பேய் எப்போ வரும்?" என்று கேட்டுவிடுவார். நியாயமான கேள்விதான். பல படங்களில் கடைசி வரைக்கும் வராது. வருகிற படங்களிலும் ஏரிக்கு அந்தப் பக்கம் ஓர் உருவம் சும்மா நின்றுவிட்டுப் போய்விடும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் இவற்றைத் தேடிப்பிடித்துப் பார்க்கிறவர்கள் குறையவே இல்லை. இந்த வகைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு இவை எப்படி வேலை செய்கின்றன என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ரகசியங்களைப் பற்றிப் பேசப்போவதால் சில படங்களின் முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கோதிக் கதைக்கு அடிப்படையாக மூன்று பேர் போதும். ஒரு பழைய வீடு (ஆமாம், இந்தக் கதைகளில் வீடும் ஓர் ஆள்தான்). அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக எதையோ மூடி வைத்திருக்கும் ஒரு குடும்பம். அப்புறம், ஒன்றும் தெரியாமல் வெளியிலிருந்து உள்ளே வரும் ஒருவர். வருகிறவர் புதிதாகக் கல்யாணமான மனைவியாக இருக்கலாம், குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியையாக இருக்கலாம், மழைக்கு ஒதுங்கிய வழிப்போக்கராகக்கூட இருக்கலாம். அவர் ஏதாவது கேட்பார், வீட்டில் இருப்பவர்கள் பேச்சை மாற்றுவார்கள், அவர் வேறு மாதிரி கேட்பார், இவர்கள் "ரொம்ப நேரமாகிவிட்டது, போய்ப் படுங்கள்" என்பார்கள். கதை முழுக்க நடப்பது இதுதான். டிராகுலா மாதிரியான படங்களில் ஆபத்து எங்கிருந்தோ கப்பலேறி வருகிறது, எல்லோரும் சேர்ந்து விரட்டினால் போய்விடும். இந்த வகையிலோ ஆபத்து ராத்திரிச் சாப்பாட்டு மேஜையில் நமக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் வீட்டுக்காரராக.

என்னைக் கேட்டால், இவை இவ்வளவு காலம் நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. குடும்பம் வந்தவரிடம் எப்படி மறைக்கிறதோ அப்படியே படமும் நம்மிடம் மறைக்கிறது. கேமரா எங்கே நிற்க வேண்டும், வெளிச்சம் எந்த மூலையில் விழக் கூடாது, யார் எந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்த வேண்டும் என்று எல்லாமே ஒளித்து வைப்பதற்காகவே திட்டமிடப்பட்டவை. கதையும் அதை எடுத்த விதமும் இப்படி ஒன்றாகவே ஆகிப்போவது சினிமாவில் அடிக்கடி நடப்பதில்லை.

முதலில் ரோஜர் கார்மன் 1960இல் எடுத்த ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’ படத்தைப் பார்ப்போம். எட்கர் ஆலன் போ 1839இல் எழுதிய சிறுகதைதான் மூலம். ஃபிலிப் என்ற இளைஞன், தான் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் மேடலினைப் பார்க்கப் பாஸ்டனிலிருந்து குதிரையில் வருகிறான். வழியெல்லாம் கரிந்துபோன மரங்கள், சாம்பல் தரை. அது செட் கிடையாது. ஹாலிவுட் மலைப்பகுதியில் காட்டுத்தீ பிடித்தது என்று கேள்விப்பட்டதும் கார்மன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்த காட்சி. கதவைத் திறக்கும் வயதான வேலைக்காரர் செய்யும் முதல் காரியம், வந்தவனின் பூட்ஸைக் கழற்றச் சொல்வது. ஏனென்றால் மேடலினின் அண்ணன் ரோட்ரிக் அஷருக்குக் காலடிச் சத்தம் தாங்காது, வெளிச்சம் தாங்காது, காரசாரமான சாப்பாடு தாங்காது. வின்சென்ட் பிரைஸ் அந்த வேடத்தில் மெல்லிய குரலில், யாரோ தூங்கிக்கொண்டிருக்கிற வீட்டில் பேசுவது போலவே கடைசி வரை பேசுகிறார்.

அந்தப் படத்தில் ஓரிடம் போதும், கோதிக் என்றால் என்ன என்று புரிந்துவிடும். ரோட்ரிக் தன் மூதாதையரின் ஓவியங்களை ஃபிலிப்புக்கு ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். பெர்ட் ஷான்பர்க் என்ற ஓவியர் படத்துக்காகவே வரைந்தவை அவை, முகங்களெல்லாம் உருகி வழிவது மாதிரி இருக்கும். பெரிய வீடுகளில் முன்னோர் படத்தைக் காட்டுகிறவர்கள் "இவர் திவானாக இருந்தார், இவர் கோயில் கட்டினார்" என்ற தோரணையில்தான் சொல்வார்கள். ரோட்ரிக் சொல்வது வேறு. இவன் திருடன், இவன் கள்ளக் கையெழுத்துப் போட்டவன், இவன் மனிதர்களை விற்றவன், இவள் கொலைகாரி. பெயரும் குற்றமுமாகப் பட்டியல் போகிறது. இந்த ரத்தம் இத்தோடு முடிய வேண்டும், என் தங்கை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, பிள்ளை பெறக் கூடாது என்பது அவர் வாதம். கேட்கும்போது ஒரு கணம் அவர் பக்கம் நியாயம் இருப்பது போலக்கூடத் தோன்றும். அப்புறம் மேடலின் இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். திறந்த சவப்பெட்டியில் அவள் விரல் அசைகிறது. நமக்குத் தெரிகிறது, ரோட்ரிக்குக்கும் தெரிகிறது, அவர் அவசரமாக மூடியைச் சாத்துகிறார். ஃபிலிப் மட்டும் அதைப் பார்க்கவில்லை.

பாருங்கள், ரகசியம் இப்போது நம் கையில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நிமிடமும் நாமும் அந்த வீட்டுக்காரர்களில் ஒருவராகவே உட்கார்ந்திருக்கிறோம், தெரிந்தும் சொல்ல முடியாமல்.

இந்தப் படத்தை எடுக்க 15 நாள்தான் ஆனது. தயாரித்தவர்கள் அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், அதுவரை சின்ன பட்ஜெட் கறுப்பு வெள்ளைப் படங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தியேட்டர்களுக்கு விட்டுக்கொண்டிருந்த நிறுவனம். இரண்டு படத்துக்கான பணத்தை ஒரே கலர்ப் படத்தில் போடுங்கள் என்று கார்மன் அவர்களைச் சம்மதிக்க வைத்தார். "இதில் பூதம் எங்கே?" என்று அங்கிருந்து கேள்வி வந்தபோது, "வீடுதான் பூதம்" என்று பதில் சொன்னதாக அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் வீடு தீப்பிடித்துச் சரிகிற காட்சிக்கு நிஜமாகவே ஒரு பழைய களஞ்சியத்தை எரித்துப் படமாக்கினார்கள், அந்தத் துண்டு எட்கர் ஆலன் போ கதைகளை வைத்து அவர் அடுத்தடுத்து எடுத்த படங்களிலும் திரும்பத் திரும்ப வரும். வரிசையாகப் பார்க்கிறவர்களுக்கு அந்த உத்தரங்கள் விழுவது மனப்பாடமாகிவிடும்.

சரி, இந்தக் கதைவடிவம் எங்கிருந்து வந்தது? 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய ‘தி காஸில் ஆஃப் ஒட்ரான்டோ’ நாவலைத்தான் தொடக்கம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வால்போல் பிரிட்டனின் முதல் பிரதமர் என்று அறியப்படும் ராபர்ட் வால்போலின் மகன். ட்விக்கனத்தில் இடைக்காலக் கோட்டை மாதிரி ஸ்ட்ராபெரி ஹில் என்ற வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டவர். அவர் நாவலில் கல்யாண நாளன்று ஒரு ராட்சதத் தலைக்கவசம் வானத்திலிருந்து விழுந்து மாப்பிள்ளையை நசுக்குகிறது, தாத்தாவின் ஓவியம் சட்டத்தை விட்டு இறங்கி நடக்கிறது. இதெல்லாம் மேலே தெரிகிற ஆர்ப்பாட்டம். அடியில் இருக்கிற விஷயம் சொத்துத் தகராறு. இப்போது கோட்டையை ஆள்கிறவனின் தாத்தா, உண்மையான சொந்தக்காரருக்கு விஷம் வைத்துக் கொன்று பொய் உயில் தயாரித்தவர். மூன்றாம் தலைமுறையில் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

இந்தச் சொத்து விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதை விட்டுவிட்டால் கோதிக் கதைகள் வெறும் சிலந்திவலையும் மெழுகுவர்த்தியுமாகத் தெரியும். இங்கிலாந்தின் பெரிய குடும்பங்களில் நிலமும் வீடும் பட்டமும் மொத்தமாக மூத்த மகனுக்குப் போகும் வழக்கம் இருந்தது. அப்படியானால் யார் மூத்தவர், யார் முறையாகப் பிறந்தவர், முதல் கல்யாணம் செல்லுமா, யாருக்குப் புத்தி சரியில்லை என்கிற ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு முழு எஸ்டேட் நிற்கிறது. மறைக்கக் காரணம் இருக்கிறது. பெண்களின் நிலைமை இன்னும் மோசம். 1882இல் சட்டம் மாறும் வரை, கல்யாணமான ஒரு பெண்ணின் கைப்பணமும் நகையும்கூடப் பொதுவாகக் கணவனுக்கே சொந்தம். எதுவும் தெரியாத ஒரு வீட்டுக்குள், தனக்கென்று எதுவும் இல்லாமல், திரும்பிப் போகவும் வழியில்லாமல் நுழைகிற பெண் அந்தக் காலத்தில் கற்பனைப் பாத்திரம் கிடையாது. 1847இல் வந்த ‘ஜேன் அயர்’ நாவலில் ஜேன் மணமேடை வரை போய் நிற்கிறாள், அங்கேதான் ஒரு வக்கீல் எழுந்து, மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், அதே வீட்டின் மேல்மாடியில் உயிரோடு இருக்கிறாள் என்கிறார். ராத்திரிகளில் ஜேன் கேட்ட சிரிப்பு அவளுடையது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அமெரிக்காவுக்குப் போய் எடுத்த முதல் படமான ‘ரெபெக்கா’ (1940) இந்த ஜேன் அயர் வழியில் வந்ததுதான். டாஃப்னி டு மோரியே 1938இல் எழுதிய நாவல். பணக்கார விதவரான மாக்ஸிமைக் கல்யாணம் செய்துகொண்டு மாண்டர்லி என்ற மாளிகைக்கு வருகிற இளம்பெண்ணுக்குப் படம் முழுக்கப் பெயரே கிடையாது. செத்துப்போன முதல் மனைவி ரெபெக்காவின் பெயரோ எங்கே திரும்பினாலும் இருக்கிறது. கைக்குட்டையில், தலையணை உறையில், கடிதத்தாளில் எல்லாம் அந்த ‘ஆர்’ எழுத்து. வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் டான்வர்ஸ் புது எஜமானியை ரெபெக்காவின் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், அலமாரியிலிருந்து ஃபர் கோட்டை எடுத்துக் கன்னத்தில் உரசிக் காட்டுவார், மெல்லிய இரவு உடைக்குள் தன் கையை விட்டு எவ்வளவு நைஸான துணி பாருங்கள் என்பார். ஒரு துளி ரத்தம் கிடையாது, குரல் உயர்வதுகூடக் கிடையாது. இந்தக் காட்சியில் எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிறு கலங்கும். டான்வர்ஸ் நடந்து வருவதை முடிந்தவரை காட்டாமல், எப்போது பார்த்தாலும் அவர் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருப்பது போல வைத்தேன் என்று ஹிட்ச்காக் பின்னர் சொன்னார். அதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தால் படம் இன்னும் கெட்டியாகிறது.

இதே படத்தில் நான் எல்லோரையும் பார்க்கச் சொல்கிற இடம் கடற்கரைக் குடிசைக் காட்சி. ரெபெக்கா செத்த ராத்திரி என்ன நடந்தது என்று மாக்ஸிம் சொல்கிறார். வேறு எந்தப் படமாக இருந்தாலும் அங்கே ஃபிளாஷ்பேக் வைத்து ஓர் அழகான நடிகையைக் காட்டியிருப்பார்கள். இங்கே அவர் "அவள் எழுந்தாள், என்னை நோக்கி நடந்து வந்தாள்" என்று சொல்லச் சொல்ல, கேமரா காலியான சோபாவிலிருந்து எழுந்து, காலியான அறையின் குறுக்கே, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் நகர்கிறது. யாரும் இல்லை. ஆனால் யாரோ நடந்தது நமக்குத் தெரிகிறது. ரெபெக்காவின் முகத்தைப் படம் கடைசி வரை நமக்குக் காட்டுவதே இல்லை, அதனால்தான் அவளை மறக்க முடிவதில்லை.

இதில் தணிக்கைக்கும் ஒரு பங்கு உண்டு. நாவலில் மாக்ஸிம் அவளைச் சுட்டுக் கொல்கிறார். 1934இலிருந்து ஹாலிவுட்டில் கண்டிப்பாக அமலான தயாரிப்பு நெறிமுறைப்படி மனைவியைக் கொன்றவர் தண்டனை இல்லாமல் நிம்மதியாக வாழ்வதாகக் காட்ட முடியாது. ஆகவே படத்தில் அவள் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டுச் சாகிறாள். குடும்பத்தின் ரகசியத்தைப் படமே கொஞ்சம் மூடி மறைக்கிறது என்று ஆகிவிட்டது. இது கதையைப் பலவீனமாக்கியது என்று நினைக்கிறேன், அந்தக் கல்யாணத்தின் மொத்தக் கசப்பும் அந்தத் துப்பாக்கியில்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்த வருடத்தின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் இதற்குத்தான் போனது.

வேலைக்காரர்களைக் கவனித்துக்கொண்டே வாருங்கள் என்று புதிதாகப் பார்க்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வேன். சாவிக்கொத்து அவர்கள் கையில்தான், எல்லா அறைக்குள்ளும் போய் வருகிறவர்கள் அவர்கள்தான், எல்லாம் தெரிந்தவர்களும் அவர்களே. ஆனால் சொல்லும் உரிமை மட்டும் அவர்களுக்கு இல்லை. ஜேம்ஸ் வேல் 1932இல் எடுத்த ‘தி ஓல்ட் டார்க் ஹவுஸ்’ படத்தில் இது அப்பட்டமாகவே வருகிறது. அங்கே வேலைக்காரராக வரும் போரிஸ் கார்லாஃப்புக்குப் பேச்சு வராது. வேல்ஸ் மலைப்பகுதியில் கொட்டும் மழைக்கு ஒதுங்கும் பயணிகள் ஃபெம் என்ற குடும்பத்தின் வீட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கீழ்த்தளத்தில் பயந்தாங்கொள்ளி அண்ணன், காது கேளாத பக்தை தங்கை. அதற்கு மேலே ஓர் அறையில் படுத்த படுக்கையாக 102 வயது அப்பா (அந்தத் தாடிக்குள் இருப்பது எல்ஸ்பெத் டட்ஜன் என்ற நடிகை). எல்லாவற்றுக்கும் மேலே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இன்னொரு சகோதரன், சால்.

படிப்படியாக மேலே ஏறுவதுதான் அந்தப் படத்தின் கதை. கடைசியில் சால் வெளியே வரும்போது முதலில் தெரிவது மாடிப்படிக் கைப்பிடியில் ஊர்ந்து வரும் ஒரு கை மட்டும். அப்புறம் பார்த்தால் சின்ன உருவமாக ஒரு கிழவர், கும்பிடாத குறையாகக் கெஞ்சுகிறார்: நான் பைத்தியம் இல்லை, இவர்கள் செய்த கொலை எனக்குத் தெரியும், அதனால் என்னை அடைத்து வைத்திருக்கிறார்கள். நம்பத்தான் தோன்றுகிறது. அவருக்கு எதிரே நிற்பவர் முகத்தைத் திருப்பிய நொடியில் அந்தச் சிரிப்பு மாறுகிற விதத்தைப் பாருங்கள், பிறகு நெருப்பு உண்மையில் கத்தி மாதிரி, அது குளிர்ந்தது என்று அவர் ஆசையாக விளக்குவதைக் கேளுங்கள். இந்தப் படமே பல வருடம் காணாமல் போயிருந்தது. இயக்குநர் கர்டிஸ் ஹாரிங்டன் யுனிவர்சல் நிறுவனத்தின் கிடங்கில் விடாமல் தேடச் சொல்லி 1968இல் நெகட்டிவைக் கண்டுபிடிக்க வைத்தார். அவர் பிடிவாதம் பிடிக்காவிட்டால் இன்று நாம் பார்த்திருக்கவே மாட்டோம்.

மாடியில் அடைத்து வைக்கப்பட்ட பைத்தியம் என்கிற இந்த வழக்கமான பாத்திரத்தில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. மனநோய் உள்ளவர்களை ஆபத்தாகவும் அவமானமாகவும் மட்டுமே காட்டிய படங்கள் ஏராளம், அவர்களை அடைத்து வைத்தவரை அனுதாபத்தோடு காட்டியவையும் அதே அளவுக்கு உண்டு. ‘ஜேன் அயர்’ கதையில் அந்த முதல் மனைவி ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. டொமினிகா தீவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காஸோ ஸீ’ நாவலை எழுதி அவள் பக்கத்துக் கதையைச் சொன்னார். பழைய படங்களை நேசிக்கிறவர்கள் அந்த நாவலையும் படிக்க வேண்டும். படித்துவிட்டுப் பார்த்தால் மேல்மாடிச் சிரிப்பு வேறு மாதிரிக் கேட்கிறது.

ஒளித்து வைப்பதை வெளிச்சத்தாலேயே எப்படிச் செய்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், எனக்கு இந்த வகையிலேயே மிகப் பிடித்த தந்திரம் இதுதான். 1957இல் இத்தாலியில் ரிக்கார்டோ ஃப்ரேடா ‘இ வம்பிரி’ என்று ஒரு படம் இயக்கினார். ஒளிப்பதிவு மாரியோ பாவா, ஃப்ரேடா பாதியில் விலகிக்கொண்டதால் மீதிப் படத்தை முடித்ததும் அவரே. பாரிஸில் ஒரு கோட்டை, அதில் வயதான ஒரு சீமாட்டி, அவருடைய அழகான மருமகள் (உடன்பிறந்தவரின் மகள்). இருவரையும் சேர்ந்தாற்போல் ஒருவரும் பார்த்ததில்லை, ஏனென்றால் இருவரும் ஒரே ஆள். இளம்பெண்களின் ரத்தத்தால் தன்னை இளமையாக்கிக்கொண்டு தன் மருமகளாகவே நடமாடுகிறார் அந்த அம்மா. அந்த உண்மை வெளிப்படும் நேரத்தில், வெட்டாமல், கேமரா அசையாமல், நம் கண்ணெதிரே அந்த இளமுகம் சுருங்கிக் கிழமுகம் ஆகிறது.

எப்படி? சுருக்கங்களை முதலிலேயே சிவப்பு மேக்கப்பால் முகத்தில் வரைந்துவிட்டார்கள். படம் கறுப்பு வெள்ளை. சிவப்பு விளக்கில் எடுக்கும்போது சிவப்புக் கோடும் தோலும் ஒரே வெளுப்பாகத் தெரியும், கோடுகள் காணாமல் போய்விடும். விளக்கை மெல்ல மெல்லப் பச்சைக்கு மாற்றினால் அதே கோடுகள் கறுப்பாக எழுந்து வரும். 1931இல் வந்த ‘டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ படத்திலும் இதே முறையைக் கையாண்டார்கள், ஆகவே பாவா கண்டுபிடித்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கதைக்கு இவ்வளவு பொருந்தி வந்த இடம் இதுதான் என்பேன். அந்த அம்மாளின் ரகசியம் ஆரம்பத்திலிருந்தே முகத்தில் எழுதித்தான் இருந்தது. படிக்க வேண்டிய வெளிச்சம் மட்டும்தான் இல்லை.

இனி ‘தி இன்னசன்ட்ஸ்’ (1961). ஹென்றி ஜேம்ஸ் 1898இல் எழுதிய ‘தி டர்ன் ஆஃப் தி ஸ்க்ரூ’ குறுநாவலை ஜாக் கிளேட்டன் படமாக்கினார். அப்பா அம்மா இல்லாத இரண்டு குழந்தைகள், மைல்ஸ், ஃப்ளோரா, கிராமத்து மாளிகையில் வளர்கிறார்கள். அவர்களின் சித்தப்பா லண்டனில் இருக்கிறார், புதிதாக வரும் ஆசிரியையிடம் அவர் போடும் நிபந்தனை, எது நடந்தாலும் என்னைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பது. இந்தக் கதையின் பாவம் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றும். முன்பு அந்த வீட்டில் வேலை பார்த்து இறந்துபோன ஓர் ஆணும் பெண்ணும் குழந்தைகள் முன்னால் எப்படி நடந்துகொண்டார்கள் என்பது வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் க்ரோஸுக்குத் தெரியும். அவர் பாதி வாக்கியம் சொல்வார், நிறுத்துவார். பட்டப்பகலில் அறைகளை இருண்ட காடு மாதிரிப் பயன்படுத்தினார்கள் என்பார், அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். அதற்குப் பிறகு நாம் அந்த மாளிகையின் எந்த அறையையும் பழைய மாதிரிப் பார்க்க முடியாது.

தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனம் அகலமான சினிமாஸ்கோப்பில்தான் எடுக்க வேண்டும் என்றது. குறுகலான பயத்துக்கு இவ்வளவு அகலம் ஒத்துவராதே என்ற கவலையில், ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி ஃபிரான்சிஸ் ஓரங்களில் வண்ணம் பூசிய கண்ணாடி ஃபில்டர்களை லென்ஸின் முன் வைத்தார். நடுவில் வெளிச்சம், இரண்டு பக்கமும் இருட்டு. ஆசிரியையாக நடித்த டெபோரா கெர் கையில் மெழுகுவர்த்தியோடு தாழ்வாரத்தில் நடக்கும்போது நம் கண் அவரைப் பார்க்காமல் அந்த ஓரங்களையே துழாவும். அந்த மெழுகுவர்த்திகளிலும் கூடுதல் வெளிச்சத்துக்காகப் பல திரிகளைச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். பேய் ஒன்று ஏரிக்கரை நாணலில் பகல் வெளிச்சத்தில் நிற்கும், அது அசையாது. இன்னொரு காட்சியில் வகுப்பறை மேஜையில் உட்கார்ந்து அழும். ஆசிரியை ஓடிவந்து பார்த்தால் யாருமில்லை, மேஜையில் ஒரு கண்ணீர்த்துளி மட்டும் இருக்கிறது, விரலால் தொட்டுப் பார்க்கிறார். பேய் நிஜமா, ஆசிரியையின் மனசா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. அந்த ஒரு துளியை வைத்து நான் பேய் கட்சி.

ரகசியம் வெளிவந்த பிறகும் கதை கனக்க வேண்டும், அதுதான் நல்ல கோதிக் படத்துக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல். சுமாரான படங்களில் கடைசிப் பத்து நிமிடத்தில் யாராவது நின்று எல்லாவற்றையும் விளக்குவார், அத்தோடு பயம் தீர்ந்துபோகும். 1944இல் வந்த ‘தி அன்இன்வைடட்’ இந்த விஷயத்தில் தேறுகிறது. அதில் ஊரே தெய்வமாகக் கொண்டாடும் இறந்துபோன தாய், உண்மையில் கதாநாயகியைப் பெற்றவளே இல்லை, கதாநாயகிக்குக் கெடுதல் செய்கிற ஆவியும் அந்தத் தாயே. கெட்டவள் என்று ஒதுக்கப்பட்டவள்தான் பெற்ற தாய், மிமோசாப் பூ வாசனையாக வந்து காப்பவளும் அவள்தான். ஒரு குடும்பம் தன் பெருமைக்காக யாரை நல்லவள் என்று எழுதி வைத்தது என்ற கேள்வி படம் முடிந்த பிறகும் விடாது.

இந்த நிழல் இந்தியாவுக்கும் வந்தது. கமால் அம்ரோஹியின் ‘மஹல்’ (1949) படத்தில் பழைய மாளிகை ஒன்றுக்குள் வருபவன் சுவரில் தன் முகத்தையே ஓவியமாகப் பார்க்கிறான். ஒளிப்பதிவு செய்தவர் ஜோசப் விர்ஷிங், ஜெர்மனியிலிருந்து பாம்பே டாக்கீஸுக்கு வந்தவர். 1964இல் வந்த ‘வோ கௌன் தி’ படத்தில் வெள்ளைச் சேலைப் பெண் பேயும் இல்லை பிசாசும் இல்லை, சொத்துக்காகக் கதாநாயகனைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்கள் சொந்தக்காரர்கள். அதைத்தான் 1966இல் தமிழில் ஜெய்சங்கர், ஜெயலலிதா நடிக்க ‘யார் நீ’ என்று எடுத்தார்கள், "நானே வருவேன்" பாட்டு அதில்தான். வால்போலின் பொய் உயிலிலிருந்து அந்தப் பாட்டு வரைக்கும் ஒரே சரடு ஓடுகிறது.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு: முதலில் ‘ஹவுஸ் ஆஃப் அஷர்’, கலர்ப் படம், ஒன்றேகால் மணி நேரத்தைச் சற்றே தாண்டும், பழகாதவர்களுக்கும் சிரமம் இருக்காது. அடுத்து ‘ரெபெக்கா’வை ஒரு விடுமுறை நாளில் நிதானமாகப் பாருங்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். மழை நாள் கிடைத்தால் ‘தி ஓல்ட் டார்க் ஹவுஸ்’. ‘தி இன்னசன்ட்ஸ்’ படத்தை மட்டும் தயவுசெய்து மொபைலில் பார்க்காதீர்கள், ஓரங்களில் ஃபிரான்சிஸ் பூசிய அந்த இருட்டு சின்னத் திரையில் தெரியவே தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, கிடைக்கிற பெரிய திரையில், ஆரம்பத்தில் வெறும் கறுப்புத் திரையில் ஒரு குழந்தை பாடுவது கேட்கும்போது ஏதோ கோளாறு என்று நினைத்து ரிமோட்டை எடுக்காமல், அப்படியே கேளுங்கள்.